பணம் வந்தது, படித்தது யார்?

அமெரிக்காவில் ஒரு சமூக மருத்துவ மையத்தில் மானிய விண்ணப்பங்கள் எழுதுவது என் வேலை. பொதுச் சுகாதாரம் படிக்க இங்கே வரும் நம் ஊர்ப் பிள்ளைகள் யார் மூலமாவது என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு ஃபோன் செய்வார்கள். "அக்கா, சிறுபான்மையினர் உடல்நலத்துல வேலை செய்யணும்னு ஆசை. பணம் யார் கொடுப்பாங்க? பயிற்சி எங்கே கிடைக்கும்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வி. பட்டியல் கொடுப்பது சுலபம், கொடுத்துவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால் மிசிசிப்பி மாநிலத்தில் மவுண்ட் பாயூ என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டு வா என்பேன். எந்தப் பணம் மக்களிடம் போய்ச் சேரும், எது அறிக்கையோடு நின்றுபோகும் என்று பிரித்துப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த ஊர்தான்.

மவுண்ட் பாயூ 1887இல் உருவானது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள், ஐசயா மான்ட்கோமரி என்பவர் தலைமையில் காட்டைத் திருத்தித் தங்களுக்கென்று அமைத்துக்கொண்ட ஊர். மேயர் முதல் கடைக்காரர் வரை எல்லோரும் கறுப்பினத்தவர். மருத்துவத்துக்கும் அவர்கள் யார் கையையும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. 1942இல் ஒரு கறுப்பினச் சகோதர சங்கம், உறுப்பினர்களிடம் சிறு சந்தா வசூலித்து டபோரியன் மருத்துவமனையை அங்கே திறந்தது. வெள்ளையர் மருத்துவமனைகளில் பின்வாசல் வழியாகப் போய், தனி வார்டில் காத்துக்கிடந்த காலத்தில், தங்கள் மருத்துவமனையின் முன்வாசல் வழியாக நிமிர்ந்து நடந்து போனார்கள்.

ஆனால் ஊரைச் சுற்றியிருந்த பொலிவர் மாவட்டத்தின் நிலைமை வேறு. அது பருத்தி விளையும் பூமி. பருத்தி பறிக்கும் இயந்திரமும் களைக்கொல்லியும் வந்த பிறகு, தலைமுறை தலைமுறையாகப் பண்ணைகளில் உழைத்த குடும்பங்களுக்கு வேலை இல்லாமல் போனது. பண்ணை முதலாளி கொடுத்த குடிசை, ஒழுகும் கூரை, கழிப்பறை கிடையாது, குடிதண்ணீர் கால்வாயிலிருந்தோ எங்கேயோ இருக்கும் குழாயிலிருந்தோ. குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்தார்கள். சரியாகச் சொன்னால் பசியில் செத்தார்கள். வயிற்றுப்போக்கு கடைசியில் வந்து சேர்ந்த காரணம்.

1964இல் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குத் துணையாக மிசிசிப்பிக்குப் போன மருத்துவர்களில் ஜாக் கைகர் ஒருவர். அவர் மாணவராக இருந்தபோது, 1957இல், தென்னாப்பிரிக்காவில் நேட்டால் பகுதியிலிருந்த போலேலா என்ற இடத்துக்குப் போய்ச் சில மாதம் வேலை கற்றுக்கொண்டவர். சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி 1940இல் அங்கே ஒரு நலவாழ்வு மையம் தொடங்கியிருந்தார்கள். நோயாளி வாசலுக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அந்த ஊர் ஆட்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்து, வீடு வீடாக அனுப்பி, காய்கறித் தோட்டம் போட வைத்து, கழிப்பறை கட்ட வைத்து நடத்திய மையம் அது. மிசிசிப்பியின் குடிசைகளைப் பார்த்தபோது கைகருக்கு போலேலாதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அமெரிக்கா என்ற பணக்கார நாட்டின் ஒரு மூலைக்குத் தேவையான பாடம் ஆப்பிரிக்காவின் கிராமம் ஒன்றில் ஏற்கெனவே தயாராக இருந்தது.

பணத்துக்கு அவர் போனது, அப்போது புதிதாகத் தொடங்கியிருந்த வறுமை ஒழிப்புத் திட்டத்தின் அலுவலகத்துக்கு. திட்டமிடுவதற்கு 30,000 டாலர் கேட்டதாகவும், 3,00,000 எடுத்துக்கொண்டு உடனே தொடங்கு என்று அவர்கள் சொன்னதாகவும் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இந்தக் காலத்தில் மானியம் எழுதுகிறவர்களுக்கு இது கேட்கவே ஏக்கமாக இருக்கும். 1965 டிசம்பரில் பாஸ்டனின் கொலம்பியா பாயின்ட் குடியிருப்பில் முதல் மையம் திறந்தது. மவுண்ட் பாயூவில் 1967இல் மருத்துவ சேவை தொடங்கியது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. வறுமை ஒழிப்பு நிதி தங்கள் மாநிலத்துக்குள் வருவதைத் தடுக்க ஆளுநர்களுக்கு அதிகாரம் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும் மானியத்தை அவர்களால் தடுக்க முடியாது. பாஸ்டன் பக்கத்திலிருக்கும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் பணம் வந்ததால் மிசிசிப்பி ஆளுநரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சட்டத்தின் ஒரு வரியைச் சரியாகப் படித்த யாரோ ஒருவரால் ஒரு மாவட்டத்துக்கே மருத்துவ மையம் வந்தது.

கட்டடம் வருவதற்கு முன்பே ஜான் ஹாட்ச் என்ற சமூகப் பணியாளர் வந்துவிட்டார். தேவாலயங்களிலும் வீடுகளிலும் கூட்டம் போட்டு மக்களைப் பேசவிட்டார். உங்களுக்கு என்ன மாதிரி மருத்துவம் வேண்டும் என்று கேட்டால், அவர்கள் சொன்னது சாப்பாடு, தண்ணீர், வேலை. அந்தப் பதிலைக் குறித்துக்கொண்டு பிறகு தாங்கள் நினைத்ததையே செய்கிற திட்டங்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். மவுண்ட் பாயூவில் அந்தப் பதிலையே திட்டமாக்கினார்கள்.

எலும்பும் தோலுமாக வந்த குழந்தைகளுக்கு மருத்துவர்கள் சீட்டு எழுதினார்கள். இவ்வளவு பால், இவ்வளவு காய்கறி, இவ்வளவு இறைச்சி. மளிகைக் கடையில் அந்தச் சீட்டைக் கொடுத்துப் பொருளை வாங்கிக்கொள்ளலாம். கடைக்காரர் ரசீதை மையத்தின் மருந்தகத்துக்கு அனுப்புவார். மருந்து வாங்க ஒதுக்கிய பணத்திலிருந்து கடைக்குப் பணம் போகும். விஷயம் மேலே போய் வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி கிளம்பி வந்துவிட்டார். மருந்தகத்தின் பணம் நோய்க்கு மருந்து வாங்கத்தான் என்பது அவர் வாதம். நான் கடைசியாகப் பாடப்புத்தகத்தைப் பார்த்தபோது ஊட்டச்சத்துக் குறைவுக்கு மிகச் சரியான மருந்து உணவு என்றுதான் போட்டிருந்தது என்று கைகர் பதில் சொன்னார். அதிகாரி திரும்பிப் போனார். பால் தொடர்ந்து வந்தது.

பெரும்பாலும் இந்தச் சம்பவத்தோடு கதையை முடித்துவிடுவார்கள். கேட்கவும் நன்றாக இருக்கும். என் மனசு நிற்பது அதற்குப் பிறகு நடந்தவற்றில். சீட்டு எழுதி எத்தனை நாள் சாப்பாடு போட முடியும்? விவசாயம் தெரிந்த மக்கள், வேலையில்லாமல் இருக்கிறார்கள். நிலம் சும்மா கிடக்கிறது. ஆயிரத்தை ஒட்டிய குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவுப் பண்ணை ஒன்றைத் தொடங்கின. பருத்தி விளைந்த மண்ணில் கீரையும் அவரையும் உருளைக்கிழங்கும் போட்டார்கள். ஆண்ட்ரூ ஜேம்ஸ் என்ற சுகாதாரப் பொறியாளர் தலைமையில் கிணறு தோண்டினார்கள், கழிப்பறை கட்டினார்கள், ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்தார்கள். கைகர் வங்கியையும் விடவில்லை. மையத்தின் கணக்கு உங்களிடம் வேண்டுமென்றால் இந்த ஊரில் கிளை திறக்க வேண்டும், கறுப்பினத்தவரைக் காசாளராக வைக்க வேண்டும், வீட்டுக்கடனில் பாகுபாடு காட்டக் கூடாது என்று நிபந்தனை போட்டார். மானியப் பணம் வங்கியில் தூங்கும் நாட்களில்கூட ஊருக்கு ஒரு வேலை செய்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாலை வகுப்புகள். மையத்தில் வேலைக்குச் சேர்ந்த உள்ளூர் ஆட்களில் பலர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள். பருத்தி சீசனில் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டால் பிள்ளைகள் எங்கே படிப்பது? மையமே பள்ளிச் சான்றிதழ் தேர்வுக்கும் கல்லூரி நுழைவுக்கும் வகுப்பு நடத்தியது. விண்ணப்பம் எழுத உதவியது, தெரிந்த பல்கலைக்கழகங்களிடம் பேசி இடம் வாங்கியது. முதல் பத்து ஆண்டில் அங்கிருந்து கிளம்பியவர்களின் கணக்கைக் கைகர் எழுதி வைத்திருக்கிறார்: 7 மருத்துவர்கள், உடல்நலத் துறைகளில் 5 முனைவர்கள், 3 சுற்றுச்சூழல் பொறியாளர்கள், 2 உளவியலாளர்கள், ஏராளமான செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள். மிசிசிப்பி வரலாற்றிலேயே முதன்முதலாகப் பதிவுபெற்ற கறுப்பினச் சுகாதார ஆய்வாளர்கள் 10 பேரும் இதில் அடக்கம்.

எல்.சி. டார்சி பண்ணைக் கூலிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியை முடிக்காமல் இளவயதிலேயே கல்யாணமாகிக் குழந்தைகள் பெற்றவர். மையத்தின் வழியாகப் படிப்பைத் தொடர்ந்தார். கூட்டுறவுப் பண்ணையை நடத்தினார். சமூகப் பணியில் முனைவர் பட்டம் வாங்கினார். 1988இல் அதே மவுண்ட் பாயூ மையத்துக்கு இயக்குநராக வந்து உட்கார்ந்தார். மானிய அறிக்கைகளில் விளைவுகள் என்றொரு பகுதி கட்டாயம் இருக்கும். எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் பார்த்தோம், எத்தனை துண்டறிக்கை கொடுத்தோம் என்று நிரப்புவோம். டார்சியின் வாழ்க்கையை நிரப்ப அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது. அவர் இயக்குநரானபோது முதல் மானியம் வந்து இருபது ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. எந்த மானியமும் இருபது ஆண்டு காத்திருந்து கணக்குக் கேட்பதில்லை.

அதனால்தான் பணத்தையும் படிப்பையும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்கும் பிள்ளைகளிடம், பிரிக்காதே என்கிறேன். ஒரு சமூகத்தின் உடல்நலத்துக்கென்று வரும் பணம், அந்தச் சமூகத்து ஆட்களைப் படிக்க வைத்து அதே இடத்தில் வேலையிலும் உட்கார வைக்கிறதா? அதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். மற்றதெல்லாம் அப்புறம்.

பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த நாட்டிலேயே கொடுமையான உதாரணம் இருக்கிறது. டஸ்கீகி என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அலபாமாவின் மேக்கன் மாவட்டத்தில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோய் (சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்) கண்ட 399 கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். 1940களின் பிற்பகுதியில் பென்சிலின் எல்லா ஊரிலும் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. இது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கு முந்தைய பக்கத்தை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1929 வாக்கில் ரோசன்வால்ட் அறக்கட்டளையின் பணத்தில் அதே மாவட்டத்தில் கிரந்தி நோயைக் கண்டறிந்து சிகிச்சை தரும் திட்டம் நடந்தது. பொருளாதாரப் பெருமந்தம் வந்தது, பணம் நின்றது, சிகிச்சையும் நின்றது. நோயாளிகளின் பட்டியல் மட்டும் கையில் இருந்தது. சிகிச்சைக்குப் பணமில்லை, கவனிக்கவாவது செய்யலாமே என்று ஓர் அதிகாரி யோசித்ததில் பிறந்ததுதான் அந்த ஆய்வு. சோதனைக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடும், பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் ஈமச்சடங்குச் செலவும் கொடுத்தார்கள். 1997இல் அதிபர் கிளின்டன் உயிரோடு மீதியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அந்த ஊர் மருத்துவர்களும் மருத்துவமனையும் செவிலியரும் ஆய்வுக்குக் கைகொடுத்தார்கள் என்பது எனக்கு இன்னும் வலிக்கிற உண்மை. உள்ளூர் ஆட்களை வேலைக்கு வைப்பது மட்டும் போதாது. எதற்காக வேலை செய்கிறோம் என்று தீர்மானிக்கும் மேசையில் அவர்களுக்கு இடம் வேண்டும்.

படிப்பின் கதவு எப்படி மூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1910இல் ஆப்ரஹாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளைச் சுற்றிப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார். தரமில்லாத கல்லூரிகளை மூட வேண்டும் என்பது அவர் கட்சி. அப்போதிருந்த 7 கறுப்பின மருத்துவக் கல்லூரிகளில் 5 மூடப்பட்டன. வாஷிங்டனின் ஹோவர்டும் நாஷ்வில்லின் மெஹாரியும் மட்டும் தப்பின. தரம் உயர்ந்தது நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் மூடிய கல்லூரிகளுக்குப் பணம் கொடுத்துத் தரத்தை உயர்த்தலாம் என்று யாரும் கை நீட்டவில்லை. மக்கள்தொகையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் இருக்கும் கறுப்பினத்தவர், மருத்துவர்களில் இன்னும் இருபதில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் மூடிய கதவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

அரசு இந்த விஷயத்தை நேருக்கு நேர் பார்த்தது 1985 ஆகஸ்டில்தான். ரீகன் ஆட்சியில் சுகாதார அமைச்சராக இருந்த மார்கரெட் ஹெக்லர் வெளியிட்ட அறிக்கை, சிறுபான்மையினரிடையே ஆண்டுக்குச் சுமார் 60,000 மரணங்கள் கூடுதலாக நடக்கின்றன என்றது. வெள்ளையர்களின் இறப்பு விகிதமே எல்லோருக்கும் இருந்திருந்தால் அத்தனை பேர் அந்த ஆண்டு செத்திருக்க மாட்டார்கள் என்று பொருள். மறு ஆண்டே சிறுபான்மையினர் உடல்நலத்துக்கென்று தனி அலுவலகம் வந்தது. ஆராய்ச்சிக்கென்று 1990இல் தேசிய சுகாதார நிறுவனங்களுக்குள் தொடங்கிய சிறு அலுவலகம், 2010இல் முழு நிறுவனமாக வளர்ந்தது. 2025இல் காற்று திசை மாறியது. பல ஆய்வு மானியங்கள் பாதியில் ரத்தாயின. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத் திட்டம் அந்த நிறுவனத்தையே கலைத்துவிடச் சொன்னது. எங்கள் மையத்தோடு சேர்ந்து வேலை செய்த ஒரு பல்கலைக்கழகக் குழுவின் பணமும் திடீரென்று நின்றது. அவர்கள் சம்பளம் கொடுத்து வைத்திருந்த சுகாதாரப் பணியாளர் இரண்டு பேரை நாங்கள் வேறு கணக்கிலிருந்து சம்பளம் கொடுத்துத் தக்கவைத்தோம். அவர்களுக்குத் தெரிந்த வீடுகள், அவர்களை நம்பிக் கதவைத் திறக்கும் பாட்டிமார்கள், அது எல்லாம் எங்கள் கணினியில் இல்லை. அவர்களோடு போனால் போனதுதான்.

மானியப் பணம் எப்படி ஓடுகிறது என்று உள்ளேயிருந்து பார்த்தால் இன்னொன்று புரியும். மத்திய அரசின் மானியத்தில் நேரடிச் செலவு என்று ஒரு பகுதி, கட்டடம், மின்சாரம், கணக்கு வழக்கு போன்ற மேல்செலவு என்று ஒரு பகுதி. பெரிய பல்கலைக்கழகங்கள் பேசி வாங்கி வைத்திருக்கும் மேல்செலவு விகிதம் நூற்றுக்கு ஐம்பதைத் தாண்டும். அப்படிப் பேசி வாங்க ஆளில்லாத சிறு அமைப்புக்கு 10 சதவீதம்தான். 2024 அக்டோபரில் அதை 15 ஆக்கினார்கள். அதோடு, பல மானியங்களில் முதலில் கைக்காசைச் செலவழித்துவிட்டுப் பிறகு ரசீது கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் சர்க்கரை நோய் வகுப்பு நடத்தும் அமைப்பிடம் மூன்று மாதச் சம்பளத்துக்கு முன்பணம் எங்கே இருக்கும்? அதனால் பணம் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும், அமைப்பு துணை ஒப்பந்தக்காரராக ஒரு துண்டு வாங்கும். மவுண்ட் பாயூவுக்கும் பல்கலைக்கழகத்தின் வழியாகத்தான் பணம் வந்தது என்பதை மறக்கவில்லை. ஆனால் அங்கே அந்தப் பணம் கிணறாகவும் வகுப்பாகவும் ஊரிலேயே தங்கியது. ஒரு மானிய அறிவிப்பைப் பார்த்தால் நான் முதலில் புரட்டுவது நோக்கங்களை அல்ல, செலவுத் திட்டத்தை. பயிற்சிக் கட்டணம் யாருக்கு? சம்பளம் யாருக்கு? மூன்றாம் ஆண்டு முடிந்த பின் அந்தச் சம்பளம் எங்கிருந்து வரும்?

கற்றுக்கொள்வது என்றால் பட்டம் வாங்குவது மட்டுமல்ல. அலாஸ்காவில் சாலையே இல்லாத கிராமங்கள் நிறைய. விமானமோ படகோ வந்தால்தான் உண்டு. 1950களில் அங்கே காசநோய் தலைவிரித்தாடியபோது, கிராமத்துக்கு ஒருவரைப் பிடித்து மாத்திரை கொடுக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தார்கள். அதுவே வளர்ந்து, 1960களின் கடைசியில் கிராமச் சுகாதார உதவியாளர் என்ற முறையான திட்டமானது. தூரத்திலிருக்கும் மருத்துவரோடு முதலில் ரேடியோவில், பின்னர் தொலைபேசியில் பேசி, காய்ச்சல் முதல் பிரசவம் வரை பார்க்கிறவர்கள் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பல்லுக்கு மட்டும் ஆளில்லை. குழந்தைகளுக்கு வாய் முழுக்கச் சொத்தை. பல் மருத்துவர் வருஷத்துக்கு ஒரு தடவை பறந்து வந்தால் உண்டு. பல் நிரப்பவும் பிடுங்கவும் இரண்டு ஆண்டில் கற்றுக்கொடுக்கும் பயிற்சி அப்போது அமெரிக்காவில் எங்குமே கிடையாது. 2003இல் அலாஸ்காப் பழங்குடி அமைப்புகள் தங்கள் பிள்ளைகளை நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பின. அவர்கள் படித்துத் திரும்பி வேலையைத் தொடங்கியதும் பல் மருத்துவர் சங்கம் வழக்குப் போட்டது. வழக்கு நிற்கவில்லை, 2007இல் சமரசமானது. இன்று அந்தப் பயிற்சி அலாஸ்காவிலேயே நடக்கிறது, வேறு சில மாநிலங்களும் சட்டம் கொண்டுவந்திருக்கின்றன. பல் சொத்தைக்கு உலகின் மறுகோடியில் போய்ப் படித்து வந்த அந்த இளைஞர்களை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் முடிதிருத்தும் கடைகள். கறுப்பின ஆண்களுக்கு உயர் ரத்த அழுத்தம் அதிகம், மருத்துவரிடம் போவது குறைவு. டஸ்கீகிக்குப் பிறகு அதில் வியக்க ஒன்றுமில்லை. ஆனால் கடைக்கு மாதம் தவறாமல் போவார்கள், வருடக்கணக்கில் அதே ஆளிடம். ரொனால்ட் விக்டர் என்ற இதய மருத்துவர் 52 கடைகளில் 319 பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு நடத்தினார். பாதிக் கடைகளில் முடிதிருத்துகிறவர் நல்ல வார்த்தை சொல்லி மருத்துவரிடம் போகச் சொல்வார். மீதிக் கடைகளில் மருந்தாளுநரே கடைக்கு வந்துவிடுவார். அழுத்தம் பார்த்து, மருத்துவரோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மருந்து எழுதி, அளவைக் கூட்டிக் குறைப்பார். ஆறு மாதத்தில் மருந்தாளுநர் வந்த கடைகளில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் 9. 130/80க்குக் கீழே வந்தவர்கள் முதல் பிரிவில் நூற்றுக்கு 64 பேரை ஒட்டி, இரண்டாவதில் 12 பேரை ஒட்டி. முடிவு 2018 மார்ச்சில் வெளியானது. விக்டர் அந்த ஆண்டே இறந்துபோனார்.

எங்களைப் போன்ற மையங்களுக்கு மவுண்ட் பாயூதான் பூர்விகம். இன்று நாடு முழுக்க இப்படிப்பட்ட மையங்கள் சுமார் 1,400. ஆண்டுக்கு 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள். கட்டணம் வருமானத்துக்கு ஏற்றபடி. ஆட்சிக் குழுவில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அங்கே சிகிச்சை பெறும் நோயாளிகளாகவே இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் குழுக் கூட்டம் ஒன்றில், உணவுமுறை பற்றிய வண்ணச் சுவரொட்டிகளுக்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வந்தது. ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர், எங்கள் நோயாளி, குழு உறுப்பினர், கையை உயர்த்தினார். "ஆறு மணிக்கு மேல் இந்தப் பக்கம் பேருந்து கிடையாது. ஷிஃப்ட் முடித்துவிட்டு வருகிறவர்கள் எப்படி வருவார்கள் என்று யாராவது யோசித்தீர்களா?" என்று கேட்டார். சுவரொட்டிப் பணம் சனிக்கிழமை காலை மருத்துவத்துக்குப் போனது. இப்போது வாரத்தில் அதிகக் கூட்டம் அந்த நேரத்தில்தான்.

நம்மவர்கள் பற்றியும் சொல்ல வேண்டும். ஐ.டி. வேலை, நல்ல காப்பீடு, இந்தச் சிறுபான்மைப் பேச்சு நமக்கு எதற்கு என்று நினைக்கும் தமிழர்களை இங்கே நிறையப் பார்க்கிறேன். படிவங்களில் ஆசியர் என்ற ஒரே கட்டத்தில் சீனரும் ஃபிலிப்பினோவும் நாமும் ஒன்றாகக் கிடந்தோம். சராசரியில் நம் இதயநோய் மறைந்துபோனது. தெற்காசியர்களை மட்டும் எடுத்து 2010இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் சிகாகோவிலும் 906 பேரோடு மசாலா என்ற ஆய்வு தொடங்கிய பிறகுதான், உடல் எடை குறைவாகத் தெரிந்தாலும் நமக்குச் சர்க்கரை நோய் எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பது இந்த நாட்டின் எண்களோடு தெளிவானது. அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதல் ஆசியர்களுக்குச் சர்க்கரை பரிசோதனைக்கான உடல் எடைக் குறியீட்டை (BMI) 25இலிருந்து 23 ஆகக் குறைத்திருக்கிறது. உங்கள் மருத்துவர் பார்க்கவில்லையென்றால் நீங்களே கேளுங்கள். அரசுப் படிவங்களில் இனக் கட்டங்களை விரிவாகப் பிரிக்க வேண்டும் என்ற விதி 2024 மார்ச்சில் வந்திருக்கிறது. கணக்கில் வராத நோய்க்கு மானியமும் வராது. கட்டத்தைச் சோம்பாமல் நிரப்புங்கள்.

இனி, கேட்ட பிள்ளைகளுக்குப் பதில். மருத்துவம், செவிலியம், பல் மருத்துவம் படிக்கிறவர்கள், குடியுரிமை இருந்தால், தேசிய சுகாதார சேவைப் படையைப் பாருங்கள். மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் இரண்டு ஆண்டு வேலை செய்தால் கல்விக் கடனில் ஒரு பகுதியை அடைப்பார்கள். எங்கள் மருத்துவர்களில் பலர் அப்படி வந்து, கடன் அடைந்த பிறகும் தங்கிவிட்டவர்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்குத் தேசிய சுகாதார நிறுவனங்களின் கடன் அடைப்புத் திட்டத்தில் உடல்நல ஏற்றத்தாழ்வு ஆய்வுக்கென்றே ஒரு பிரிவு இருந்து வருகிறது. இந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசுப் பணம் கிடைப்பது கடினம். மாநகராட்சிச் சுகாதாரத் துறை, மருத்துவமனை அறக்கட்டளை, உள்ளூர் அறக்கட்டளை எல்லாவற்றையும் தட்டிப் பாருங்கள். அவை தரும் தொகை சிறியது, ஆனால் கேள்விகளும் குறைவு.

பட்டம் முடிப்பதற்குள் ஒரு சமூக மருத்துவ மையத்தில் சுகாதாரப் பணியாளர் ஒருவரோடு வீடு வீடாகப் போய் வாருங்கள். ஸ்பானிஷ் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, பை தூக்கலாம். எங்கள் மையத்துக்கு வருகிற மாணவர்களை நான் முதலில் அனுப்புவது அந்தப் பணியாளர்களிடம்தான். இந்த ஆண்டு விண்ணப்பத்தில், பணம் நின்றபோது நாங்கள் தக்கவைத்த அந்த இருவருக்கும் சமுதாயக் கல்லூரியில் செவிலியப் படிப்புக்கான கட்டணத்தையும், படிக்கும் நேரத்துக்குச் சம்பளத்தையும் சேர்த்துக் கேட்டிருக்கிறேன். அதை வெட்டினால் விண்ணப்பம் பார்க்க இன்னும் சிக்கனமாகத் தெரியும் என்று ஓர் ஆலோசகர் சொன்னார். வெட்டவில்லை. ஒருவர் ஏற்கெனவே உடற்கூறியல் முன்பாடத்துக்குப் பதிவு செய்துவிட்டார். செவ்வாய், வியாழன் மாலைகளில் வகுப்பு. அந்த நாட்களில் அவருடைய வீடுகளை மற்றவர் பார்த்துக்கொள்கிறார்.